காவிரிக்கரை விகாரங்கள் – 6: உரகபுரத்துக்காரர்

சென்ற வாரம் ஒரு சொல்லில் வந்து நின்றோம்: உரகபுரவாசி.

5-ஆம் நூற்றாண்டு. பாலி மொழியில் நூல் எழுதி முடித்த ஆசாரியர் புத்ததத்தர், கடைசியில் தன்னை யாரென்று சொல்லும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. உரகபுரத்தில் வாழ்பவர்.

அதற்கு முந்தைய வாரங்களில், 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரில் தோண்டியபோது வெளிப்பட்ட சாயத்தொட்டியைப் பார்த்தோம். பிறகு மணிமேகலையோடு புகாருக்குப் போய்த் திரும்பினோம். இந்த வாரம் மறுபடியும் அதே வழிதான். முன்னால் போகிறவர் வேறு.

முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துவிடலாம். உரகபுரம் எந்த ஊர்? உறையூரா, வேறா?

உரகம் என்றால் பாம்பு. நாகமும் பாம்புதானே, அப்படியானால் அது நாகப்பட்டினமாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்கலாம். லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. நாகப்பட்டினத்திலும் பௌத்தம் செழித்திருந்தது.

இந்த வழக்கில் சாட்சி சொல்ல வருவது, பௌத்தத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு படையெடுப்பு. சாளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தன் பல்லவர்களோடு போரிட்டுத் தெற்கே வந்து பாசறை இறங்கியிருந்தபோது ஒரு தானம் கொடுத்தான். கி.பி. 674. கத்வால் செப்பேடு என்று அதற்குப் பெயர். பாசறை எங்கே இருந்தது என்பதையும் அந்தச் செப்பேடு சொல்கிறது: சோழநாட்டில், காவிரியின் தென்கரையில் இருக்கும் உரகபுரம்.

நாகப்பட்டினம் கடற்கரை ஊர். அதைக் காவிரியின் தென்கரை என்று யாரும் அடையாளம் சொல்ல மாட்டார்கள். உறையூருக்கோ அந்த அடையாளம் அச்சாகப் பொருந்துகிறது. புத்ததத்தருக்கு இருநூறு ஆண்டு பிந்திய சாட்சிதான், ஆனாலும் எனக்கு அது போதும்.

ஆக, அவர் நம் ஊர்க்காரர்.

* * *

கிழக்கே

திருச்சி மன்னார்புரத்தில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து ஜங்ஷனுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம்கூட ஆகாது. விடிகாலை ரயிலைப் பிடித்துத் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறையில் இறங்கினேன். அங்கிருந்து பூம்புகார் பஸ். மேலையூர் தாண்டியதும் பல்லவனீச்சரம் என்று கேட்டு இறங்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீரங்கம் போகிறவர்கள் காவிரிப் பாலத்தில் நின்று பார்த்திருப்பார்கள். அக்கரை எட்டத்தில் இருக்கும். அந்த ஆறு கல்லணையில் பிரிந்து, கிளைகிளையாக வயலுக்குள் புகுந்து, பூம்புகாரில் கடலைத் தொடும்போது ஒரு வாய்க்கால் போல ஒடுங்கிப்போகிறது. அகண்ட காவிரியைத் தினமும் பார்க்கிற திருச்சிக்காரனுக்கு அந்த முகத்துவாரம் மனசைப் பிசையும்.

புத்ததத்தர் காலத்தில் அப்படி இல்லை. தான் தங்கியிருந்த இந்தப் புகார் நகரத்தைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். தெளிந்த நீர் ஓடும் ஆறு, மணிகள் குவிந்த கடைவீதிகள், ஆணும் பெண்ணுமாக நெருக்கியடிக்கும் தெருக்கள், தோட்டங்கள், கயிலைச் சிகரம் போல் உயர்ந்த மாடங்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். எல்லாவற்றையும் துறந்த ஒரு பிக்கு, தத்துவ நூலின் முடிவில் ஊரின் கடைவீதியைப் புகழ்கிறார். இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

* * *

செங்கல்

பல்லவனீச்சரம் சிவன் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில், வேலி போட்ட ஒரு மனை. உள்ளே புல்லுக்கு நடுவே செங்கல் சுவர்கள். எதுவும் ஆள் உயரத்துக்கு இல்லை. சில இடத்தில் முழங்கால் அளவு, சில இடத்தில் தரையோடு தரை.

1963 முதல் 1973 வரை காவிரிப்பூம்பட்டினத்தில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் வெளிவந்தது இது. கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், வானகிரியில் நீர்த்தேக்கமும் கிடைத்தன. இங்கே கிடைத்தது ஒரு பௌத்த விகாரம். 4, 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணித்தார்கள். கூடவே சுண்ணக்கல்லில் மங்கலச் சின்னங்களோடு செதுக்கிய ஒரு புத்தபாதம்.

வரிசையாகச் சதுர அறைகள். அவற்றுக்கு முன்னால் எல்லா அறைக்கும் பொதுவாக ஒரு நீள நடை. அவ்வளவுதான் அமைப்பு. நம் பழைய பள்ளிக்கூடங்களில் வகுப்பறைகளும் தாழ்வாரமும் இருக்குமே, அந்த மாதிரி.

ஓர் அறையை ஓரமாக நடந்து அளந்தேன். மூன்று எட்டில் முடிந்துவிட்டது. ஓர் ஆள் படுக்கலாம், ஒரு மூலையில் தண்ணீர்ச் செம்பு வைக்கலாம், ஏட்டுக்கட்டு வைக்கலாம். இன்னொருவர் வந்தால் உட்கார்ந்து பேசலாம். மூன்றாமவருக்கு இடம் இல்லை.

சுவரின் மேல் வரிசையில் ஒரு செங்கல் பாதி பெயர்ந்திருந்தது. சாணால் அளந்தேன், ஒன்றரைச் சாண் நீளம். தடிமன் குறைவு. ஓரத்தில் பச்சைப் பாசி காய்ந்து கறுத்திருந்தது. மழைநீர் வழிந்து வழிந்து ஒரு பக்கம் கொழுக்கட்டை போல உருண்டுவிட்டது. கையை வைத்தால் காலை வெயிலின் சூடு மெதுவாக ஏறுகிறது.

வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி ரொம்ப நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, கல்லத் தடவித் தடவிப் பாக்குறீங்க?"

"எங்க ஊர்க்காரர் ஒருத்தர் இந்த இடத்துல இருந்தாரு ஆயா. அதான் பாக்க வந்தேன்."

"எந்த ஊரு?"

"திருச்சி. உறையூரு."

"வெக்காளியம்மன் இருக்கே, அந்த உறையூரா? அங்கேருந்து இங்க வந்து என்ன வேல பாத்தாரு?"

"வாத்தியார் வேல ஆயா. ஆயிரத்தைநூறு வருசத்துக்கு முன்னாடி."

அவர் ஆச்சரியப்படவில்லை. வேலிக்குள் கழுத்தை நீட்டிய குட்டியை இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டார்: "அப்ப புள்ளைங்க படிச்ச எடமா இது?"

ஆமாம் ஆயா, பிள்ளைகள் படித்த இடம்தான்.

* * *

மூன்று பெயர்கள்

புத்ததத்தர் எழுதிய நூல்களில் முக்கியமானது அபிதம்மாவதாரம். இருபத்து நான்கு பகுதிகள். காவிரிப்பட்டினத்தில், கண்ஹதாசர் என்பவர் கட்டிக்கொடுத்த விகாரத்தில் தங்கி எழுதியதாக அதிலேயே குறிப்பு இருக்கிறது. நான் கைவைத்த செங்கல் கண்ஹதாசர் அடுக்கியதுதான் என்று அங்கே எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆனால் ஊர் அதே ஊர். காலமும் அதே காலம்.

அவருடைய இன்னொரு நூல் விநயவினிச்சயம். அது சோழநாட்டுப் பூதமங்கலத்தில், வெண்ஹுதாசர் கட்டிய விகாரத்தில் எழுதப்பட்டது. அப்போது நாட்டை ஆண்டவன் களபர், அதாவது களப்பிரர், குலத்து அச்சுதவிக்கந்தன்.

இந்த மூன்று பெயர்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான் இதுவரை படித்தவற்றில் பலரும் இதைக் கடந்துதான் போகிறார்கள்.

பாலியில் கண்ஹன் என்றால் கண்ணன். கண்ஹதாசர் நம் வாயில் கண்ணதாசர். வெண்ஹு என்பது விஷ்ணு, ஆகவே வெண்ஹுதாசர் விஷ்ணுதாசர். அச்சுதன் யார் பெயர் என்று ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றும் பெருமாள் பெயர்கள்!

பெருமாள் பெயர் கொண்ட ஒருவர் புகாரில் பௌத்த விகாரம் கட்டுகிறார். பெருமாள் பெயர் கொண்ட இன்னொருவர் பூதமங்கலத்தில் கட்டுகிறார். பெருமாள் பெயர் கொண்ட அரசனின் ஆட்சியில் பௌத்தத் துறவி நிம்மதியாக உட்கார்ந்து நூல் எழுதி, நன்றியோடு மூவர் பெயரையும் பதிந்துவைக்கிறார். மகனுக்குக் கண்ணன் பெயரை வைத்த வீடும் பிக்குவுக்குச் சோறு போட்ட வீடும் ஒரே வீடாக இருந்திருக்கிறது.

களப்பிரர் காலம் இருண்ட காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர்களை வென்று எழுந்த பாண்டியர்கள் தங்கள் வேள்விக்குடிச் செப்பேட்டில் களப்பிரனைக் கலியரசன் என்று எழுதினார்கள். வென்றவன் எழுதியதை நாம் மனப்பாடம் செய்தோம். அந்த 'இருட்டில்' சோழநாட்டில் இருந்தபடி ஓர் உறையூர்க்காரர் எழுதிய நூல்கள் இலங்கையிலும் பர்மாவிலும் விளக்காக இருந்திருக்கின்றன. இருண்ட காலம் என்ற சொல்லை நம் பாடநூல்கள் கைவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

* * *

நடுக்கடலில் இரண்டு கப்பல்கள்

இனி, அவர் வாழ்க்கையில் மரபு நினைவில் வைத்திருக்கும் அந்த ஒரு நாள்.

புத்ததத்தர் இலங்கைக்குப் போயிருந்தார். அநுராதபுரத்து மகாவிகாரம்தான் அன்றைய தேரவாத உலகத்தின் பெரிய கல்விச்சாலை. புத்தர் வாக்குக்கான பழைய உரைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன, சிங்கள மொழியில். கடல் தாண்டிய பிக்குகளுக்கு அவை எட்டாக்கனி. அந்த உரைகளைப் பாலிக்குக் கொண்டுவந்தால் காவிரிக்கரையிலும் படிக்கலாம், கங்கைக்கரையிலும் படிக்கலாம்.

படித்து முடித்து அவர் ஊர் திரும்புகிறார். அதே நேரத்தில் இந்தியாவிலிருந்து ஒரு கப்பல் இலங்கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதில் ஓர் இளம் பிக்கு. பெயர் புத்தகோசர்.

நடுக்கடலில் இரண்டு கப்பல்களும் எதிரெதிராக வருகின்றன.

எங்கே போகிறாய் என்று மூத்தவர் கேட்கிறார். மகாவிகாரத்து உரைகளைப் பாலியில் எழுதப் போகிறேன் என்கிறார் இளையவர். நானும் அதற்காகத்தான் போனேன், என் ஆயுள் குறைவு, என்னால் முடியாது, நீ முடி என்கிறார் மூத்தவர். சொல்லிவிட்டு, தன்னிடம் இருந்த மூன்று பொருள்களை எடுத்துக் கொடுக்கிறார்.

ஓர் இரும்பு எழுத்தாணி. ஒரு கல். ஒரு கடுக்காய்.

எழுத்தாணி சரி. கடுக்காய் எதற்கு? கண் நோவோ முதுகு வலியோ வந்தால் இந்தக் கல்லில் கடுக்காயை இழைத்து வலிக்கிற இடத்தில் போட்டுக்கொள் என்பதற்காக. புத்தகோசுப்பத்தி என்ற பிற்காலப் பாலி நூல் சொல்லும் கதை இது. அந்தப் பொருள்களே இந்திரன் தந்தவை என்று அது அலங்கரிக்கிறது. அலங்காரத்தை எடுத்துவிட்டாலும் கண் நோவும் முதுகு வலியும் மிஞ்சுகின்றன. மங்கிய வெளிச்சத்தில் ஓலையைக் கையில் பிடித்து நாள் முழுக்கக் குனிந்து எழுதுகிறவனுக்கு என்ன வலிக்கும் என்று தெரிந்தவர்தான் இந்தக் கதையை முதலில் சொல்லியிருக்க முடியும்.

விநயவினிச்சயத்துக்கு எழுந்த உரையில் இதே சந்திப்பு வேறு மாதிரி வருகிறது. அங்கே புத்ததத்தர் சாவைப் பற்றிப் பேசவில்லை. வேலையைப் பங்கு பிரிக்கிறார். நீ உரைகளை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, நான் அவற்றைச் சுருக்கித் தருகிறேன் என்கிறார்.

சந்திப்பு உண்மையில் நடந்ததா என்று அறிஞர்கள் சந்தேகப்படுகிறார்கள். கப்பல்கள் நடுக்கடலில் நின்று பேசுவது கதைக்கு மட்டுமே வாய்க்கும் வசதி. ஆனால் இரண்டாவது கதையில் உள்ள வேலைப் பங்கீட்டை நூல்களே காட்டுகின்றன. புத்தகோசர் விரித்தார், புத்ததத்தர் சுருக்கினார்.

* * *

சுருக்கியவர்

சுருக்குவது சின்ன வேலை என்று நினைத்துவிடக் கூடாது.

அன்று நூல் என்றால் ஓலைக்கட்டு. ஒரு பிரதி எடுக்க மாதக்கணக்கில் ஆகும். அபிதம்மமோ மனத்தையும் அதில் தோன்றி மறையும் நினைவுகளையும் வகை வகையாகப் பிரித்து எண்ணும் கடினமான துறை. பெரிய உரைகளைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாத மாணவன் அதை எப்படிக் கற்பான்? பாட்டாக இருந்தால் மனப்பாடம் செய்யலாம். நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கலாம். மறந்துபோனதைச் சந்தம் எடுத்துக் கொடுக்கும்.

புத்ததத்தர் அதைத்தான் செய்தார். அபிதம்மாவதாரம் பெரும்பாலும் பாட்டு, இடையிடையே உரைநடை. விநயவினிச்சயம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள். துறவிகளின் ஒழுங்குகள் அத்தனையும் அதில் அடங்குகின்றன. எலும்பிலோ தந்தத்திலோ கொம்பிலோ ஊசிப்பெட்டி செய்துகொள்ளக் கூடாது என்பதும் ஒரு விதி. கிழிந்த துவராடையைத் தானே தைத்துக்கொள்ளும் பிக்குவுக்கு ஊசி வேண்டும், ஊசிக்குப் பெட்டி வேண்டும், ஆனால் அந்தப் பெட்டி ஆடம்பரமாகிவிடக் கூடாது. இவ்வளவு நுணுக்கமானவற்றைப் பாட்டில் கட்டிக் கொடுத்தார்.

இந்த நூல்களைத் தானாக எழுதவில்லை என்றும் சொல்கிறார். சுமதி என்ற பிக்கு கேட்டுக்கொண்டதால் அபிதம்மாவதாரம். புத்தசிங்கர் கேட்டதால் விநயவினிச்சயம். சங்கபாலர் கேட்டதால் இன்னொரு நூலான உத்தரவினிச்சயம். பிக்குகள் கேட்டார்கள், ஆசிரியர் எழுதினார். மூன்று எட்டில் முடிந்துபோகும் அறையில் எதிரே உட்கார்ந்து, எனக்குப் புரியும்படி எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அன்று அந்த நடையில் எத்தனை பேர் முணுமுணுத்தபடி நடந்திருப்பார்கள்!

ஆயிரத்தைநூறு ஆண்டுகள் கழித்து இந்த நூல்களை அச்சேற்றியவர் இலங்கையின் அம்பலாங்கொடையைச் சேர்ந்த ஒரு தேரர். அவர் பெயரும் புத்ததத்தர். லண்டனில் உள்ள பாலி நூல் கழகம் 1915-இலும் 1928-இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தமிழில் இவரைப் பற்றி எழுதியவர்களில் மயிலை சீனி. வேங்கடசாமியை நன்றியோடு சொல்ல வேண்டும். 1940-இல் வந்த அவருடைய 'பௌத்தமும் தமிழும்' நூலில்தான் நான் இந்தப் பெயரை முதன்முதலில் படித்தேன்.

உறையூரில் கைத்தறிச் சேலைக்குப் பெயர் இருக்கிறது, சுருட்டுக்குப் பெயர் இருக்கிறது. தேரவாத உலகத்துக்கே பாடநூல் எழுதிக் கொடுத்த ஆசிரியருக்கு அங்கே ஒரு தெருப்பெயராவது இருந்திருக்க வேண்டாமா?

* * *

அடுத்த மனை

வெயில் ஏறியதும் வேலியைவிட்டு வெளியே வந்தேன். நிழலுக்கு ஒதுங்கியது பல்லவனீச்சரம் கோயிலில்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. குருக்கள் விபூதி கொடுத்தார். திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. 7-ஆம் நூற்றாண்டு. சம்பந்தர் பதிகங்களைப் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் தெரிந்திருக்கும். பத்தாவது பாட்டில் சமணரையும் பௌத்தரையும் கண்டிப்பார்.

கோயில் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். விகாரம் இங்கிருந்து கூப்பிடு தூரம்.

புத்ததத்தருக்கும் சம்பந்தருக்கும் நடுவே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். கண்ணன் பெயர் கொண்டவர் புத்தருக்கு விகாரம் கட்டிய ஊரில், இருநூறு ஆண்டில் வாதம் மூண்டுவிட்டது. அந்த அறைகள் வெறிச்சோடியது வாதத்தாலா? புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறதே, அந்தக் கடலாலா? வணிகம் சுருங்கி, கண்ணதாசரைப் போன்ற செல்வர்கள் ஊரைவிட்டுப் போனதாலா?

மூன்றையும் காரணமாகச் சொல்வது வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினேன். இப்போது தயங்குகிறேன்.

விகாரம் வெறிச்சோடியது, பௌத்தம் தமிழகத்தில் முடிந்தது என்று கதையை மூடிவிட முடியவில்லை. இங்கே மேலையூரிலேயே பொன்முலாம் பூசிய மைத்திரேயர் செப்புத்திருமேனி கிடைத்து, இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் பெயரால் வீரசோழியம் என்ற தமிழ் இலக்கணம் எழுதியவர் புத்தமித்திரர் என்ற பௌத்தர். அதற்கும் பிறகு, சோழநாட்டுக் காசியப தேரர் புத்ததத்தரைப் போலவே பாலியில் அபிதம்மம் எழுதுகிறார்.

இதையெல்லாம்விட என்னைத் திகைக்க வைப்பது வேறு. புகாருக்குத் தெற்கே அதே கடற்கரையில், 1006-ஐ ஒட்டி, கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு அரசன் சூளாமணிவர்மன் பெயரில் ஒரு மாபெரும் விகாரம் எழுகிறது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுக்கிறான் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராசராசன். அந்த விகாரத்தோடு சேர்த்துப் பேசப்படும் செங்கல் கோபுரம் ஒன்று நாகப்பட்டினத்தில் 1867 வரை நின்றது.

பல்லவனீச்சரத்து அறைகளில் பாடம் நின்றுபோய், கேட்க ஆளில்லாமல் பிக்குகள் கலைந்துவிட்டார்கள் என்றால், ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அவ்வளவு பெரிய விகாரத்தை யாருக்காகக் கட்டினார்கள்?

(அடுத்த வாரம்: ஆனைமங்கலம்)